இரண்டு பத்மினி ஹெட்டும் ஒரு 815-உம்

அப்பாவின் பிரீமியர் பத்மினி கார் போன மாசி மாதம் ஹெட் கேஸ்கட் போய் நின்றது. ஹெட் என்பது இன்ஜின் பிளாக்கின் மேல் உட்காரும் மூடி, கேஸ்கட் என்பது இரண்டுக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடு. ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் குமிழ் குமிழாய்க் காற்று. ஆயில் குச்சியை இழுத்துப் பார்த்தால் பால் கலந்த காபி நிறம். கோயம்புத்தூரில் பத்மினியைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுகிற மேஸ்திரிகள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். இருந்தாலும் இந்த வேலையை நானே செய்து பார்க்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஹெட்டைக் கழற்றி மேசைமேல் கவிழ்த்து வைத்தேன். மண்ணெண்ணெயில் நனைத்த பனியன் வேஸ்ட்டால் கரியைத் துடைக்கத் துடைக்க, அலுமினியம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது.

நான்கு சேம்பர், எட்டு வால்வு. இந்த ஹெட்டின் பாட்டன் ஒன்று 1940-இல் இத்தாலியின் மொதேனா நகரத்துப் பட்டறையில் இன்னொரு பாட்டனோடு வரிசையாக உட்கார்ந்திருந்தது. இரண்டும் சேர்ந்து எட்டு சிலிண்டர் இன்ஜினுக்குத் தலையாயின. அந்த இன்ஜின் போன காருக்கு ஆட்டோ ஆவியோ கோஸ்த்ருட்சியோனி 815 என்று பெயர். செய்தவர் என்சோ ஃபெராரி. காரில் அவர் பெயர் எங்கும் கிடையாது.

815 எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் எல்லா இடத்திலும் ஒரே வரிதான் கிடைக்கும்: ஃபியட் 508சி-யை அடிப்படையாகக் கொண்டது. அடிப்படை என்றால் எதுவரை? எந்த இடத்தில் ஃபியட் முடிகிறது, எந்த இடத்தில் மொதேனா தொடங்குகிறது? படித்துப் படித்து எனக்குத் திருப்தி வரவில்லை. ஹெட் மேசைமேல் இருந்த அந்த மாலையில்தான் தோன்றியது, இதைக் கையாலேயே தேடிப் பார்க்கலாமே என்று. ஓடுகிற இன்ஜின் வேண்டாம். மரத்தில் எட்டு சிலிண்டர் பிளாக், அதன் மேல் நிஜமான இரண்டு ஹெட், அடியில் கையால் சுற்றிப் பார்க்க ஒரு மரக் கிராங்க், அதாவது பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு. அது போதும்.

அப்பாவிடம் சொன்னேன். "என்னமோ பண்ணு சாமி, ஹெட்டு மட்டும் திரும்பி வந்துரோணும்" என்றார்.

முதலில் உறவுமுறையைச் சொல்லிவிடுகிறேன். 508சி என்பது 1937-இல் ஃபியட் கொண்டுவந்த குடும்பக் கார். டான்டே ஜியாகோசா வடிவமைத்தது. 1089 சிசி, நான்கு சிலிண்டர், 68 மி.மீ. போர் (சிலிண்டர் துளையின் விட்டம்), 75 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்). உலக யுத்தத்துக்குப் பிறகு 1953-இல் 1100/103 என்ற புது உடம்பு வந்தது. உடம்புதான் புதிது, இன்ஜினின் போரும் ஸ்ட்ரோக்கும் அதே 68, அதே 75. அந்த 1100 பம்பாயில் பிரீமியர் தொழிற்சாலைக்கு வந்து, டிலைட் ஆகி, கடைசியில் பத்மினி ஆயிற்று. என் மேசையில் இருப்பது 508சி-யின் ஹெட் இல்லை. அதன் பேரன். வார்ப்பு மாறியிருக்கிறது, நுணுக்கங்கள் மாறியிருக்கின்றன. ஆனால் வால்வுகளைத் திறக்க வைக்கும் கேம்ஷாஃப்ட் பிளாக்கின் பக்கத்தில், அதிலிருந்து மேலே தள்ளும் புஷ்ராட், மேலே வால்வைத் தட்டும் ராக்கர், வரிசையாக நிற்கும் வால்வு என்ற குடும்ப வழக்கம் அப்படியே இருக்கிறது. பத்மினிக்குச் சோப்புப் போட்டுக் கழுவி வளர்ந்த கை மொதேனாவின் வேலையைத் தொட்டுப் புரிந்துகொள்ள இந்த உறவு போதும் என்று நினைத்தேன்.

இன்னொரு ஹெட்டுக்கு உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் ஒரு சனிக்கிழமை முழுக்க அலைந்தேன். பம்பாய் டாக்சிகள் போனதோடு பத்மினி சாமான் வரத்தும் நின்றுபோனது என்று ஒவ்வொரு கடையிலும் ஒரே பதில். கடைசியில் ஒரு கடையின் பின்பக்கம், டீசல் பம்புகளுக்கு அடியில் ஒன்று கிடைத்தது. இரண்டு வால்வு வளைந்திருந்தன, ஹெட்டைப் பிளாக்கோடு இறுக்கும் ஸ்டட்டுக்கான ஒரு துளையில் விரிசல். வண்டியில் போட முடியாத சாமான், அதனால் எடைக்கே கொடுத்துவிட்டார். எனக்கு வேண்டியதெல்லாம் முகமும் துளைகளும்தான்.

இரண்டு ஹெட்டையும் மேசைமேல் முனைக்கு முனை வைத்தேன். முதல் பாடம் அங்கேயே வந்தது. இரண்டாவது ஹெட்டைத் திருப்பி, கண்ணாடியில் பார்க்கிற மாதிரி வைத்தால் அழகாக இருக்கும் என்று நினைத்துத் திருப்பினேன். திருப்பியதும் கார்புரேட்டர் பக்கம் எதிர்ப்புறம் போய்விட்டது. முதல் நான்கு சிலிண்டருக்குப் பெட்ரோல் வலதில், அடுத்த நான்குக்கு இடதில். அது நடக்காது. ஆகவே இரண்டும் ஒரே திசையைப் பார்த்து, ஒன்றின் வால் இன்னொன்றின் முகத்தைத் தொட்டு நிற்க வேண்டும். ரயில் பெட்டி மாதிரி.

அப்புறம் கணக்கு. இரண்டு 1089-ஐச் சேர்த்தால் 2178 சிசி. கார் ஓட வேண்டியிருந்தது மில்லே மில்யா என்ற இத்தாலியச் சாலை ரேஸில், அதில் என்சோவுக்கு வேண்டியிருந்தது 1500 சிசி வகுப்பு. பெயரிலேயே இருக்கிறது: எட்டு சிலிண்டர், ஒன்றரை லிட்டர், 815. அந்த வகுப்பில் ஓடும் ஃபியட் சேஸிஸ் கார்களுக்கு ஃபியட் பரிசுத் தொகை வைத்திருந்ததும் ஒரு காரணம். ஆகவே இன்ஜின் சுருங்க வேண்டும். 68 போர் 63 ஆயிற்று, 75 ஸ்ட்ரோக் 60 ஆயிற்று. ஒரு சிலிண்டருக்கு 187 சிசி, எட்டுக்கு 1496. நோட்டில் எழுதிப் பார்த்தபோது நாலு சிசி மட்டும் மிச்சம் விட்டு வகுப்பின் எல்லை வரை போயிருப்பது தெரிந்தது.

ஆனால் அந்த 63-உம் 60-உம் கணக்குப் புத்தகத்திலிருந்து மட்டும் வந்தவை இல்லை என்பது காகிதத்தை வெட்டியபோதுதான் புரிந்தது. பழைய ஹெட் கேஸ்கட்டை அட்டைமேல் வைத்து, ஒவ்வொரு துளையின் நடுவிலும் காம்பஸ் ஊன்றி 63 மி.மீ. வட்டம் போட்டேன். ஹெட் ஃபியட்டுடையது என்பதால் சிலிண்டர்களின் நடுப்புள்ளிகளை நகர்த்த முடியாது. நடுப்புள்ளி நகராமல் போர் மட்டும் சுருங்கினால், ஒவ்வொரு சிலிண்டரைச் சுற்றியும் 2.5 மி.மீ. இடம் கூடுகிறது. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்களுக்கு நடுவே 5 மி.மீ. 508சி-யின் பிளாக் வார்ப்பிரும்பு, 815-இன் பிளாக் அலுமினியம். அலுமினியத்தில் பிஸ்டன் நேரடியாக ஓட முடியாது, இரும்பு ஸ்லீவ், அதாவது உள்குழாய், வேண்டும். ஸ்லீவின் சுவருக்கு இடம் எங்கே என்று கேட்டால், அட்டையில் நான் போட்ட அந்த இரண்டு வட்டங்களுக்கு நடுவில்தான். வகுப்புக்காகச் சுருக்கிய போரே அலுமினியப் பிளாக்குக்கும் வழிவிட்டிருக்கிறது. அந்த அட்டையை இன்னும் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

இந்த இடத்தில் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என்சோ ஃபெராரி 1939-இல் ஆல்ஃபா ரோமியோவை விட்டு வெளியே வந்தார். நான்கு வருடத்துக்கு ஃபெராரி என்ற பெயரில் ரேஸ் கார் நடத்தக்கூடாது என்பது ஒப்பந்தம். அதனால்தான் மொதேனாவில் தன் பழைய இடத்திலேயே ஆட்டோ ஆவியோ கோஸ்த்ருட்சியோனி என்று வேறு பெயரில் கம்பெனி தொடங்கினார். அந்த வருடம் டிசம்பர் 24-ஆம் தேதி இரவு விருந்தில் இரண்டு கார் பேச்சாயிற்று. ஒன்று லோத்தாரியோ ரங்கோனி மக்கியாவெல்லி என்ற மொதேனாப் பிரபுவுக்கு. இன்னொன்று ஆல்பர்ட்டோ அஸ்காரிக்கு. அஸ்காரிக்கு அப்போது 21 வயது, அதுவரை மோட்டார் சைக்கிள் ரேஸ் ஓட்டிக்கொண்டிருந்த பையன். அவன் அப்பா அந்தோனியோ அஸ்காரி என்சோவின் நண்பர், 1925-இல் பிரான்சில் ரேஸில் இறந்துபோனவர். நண்பனின் மகனுக்குச் செய்துகொடுக்கிற கார் என்பதை நினைத்தால் எனக்கு அந்த இன்ஜின்மேல் தனியாக ஒரு பாசம் வருகிறது.

மில்லே மில்யா ரேஸ் தேதி 1940 ஏப்ரல் 28. விருந்துக்கும் ரேஸுக்கும் நடுவே 126 நாள். அந்த வருடம் லீப் வருடம், அதையும் சேர்த்துத்தான்.

ஆல்பர்ட்டோ மாசிமீனோ வரைந்தார், வித்தோரியோ பெல்லென்தானி கூட இருந்தார். சேஸிஸ் ஃபியட். முன்பக்கம் ஃபியட்டின் தனித்தனி சஸ்பென்ஷன், பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங்கில் உட்காரும் ஒரே ஆக்சில். நான்கு கியர் பெட்டி ஃபியட்டுடையது, உள்ளே பற்சக்கரங்கள் மட்டும் மொதேனாவில் வெட்டியவை. ஹெட் ஃபியட், வால்வு அமைப்பு ஃபியட், கனெக்டிங் ராட் ஃபியட். பிளாக், கிராங்க், கேம்ஷாஃப்ட் மூன்றும் புதிது. பிளாக்கை வார்த்தது பொலோன்யா நகரத்துக் கால்சோனி ஃபவுண்டரி. மிலான் தூரிங் பட்டறை லேசான உலோகக் கலவைத் தகட்டில் உடம்பு கட்டியது. அந்த உடம்பின் எடை 54 கிலோதான்.

ஃபவுண்டரி என்ற சொல்லுக்கு வந்ததும் எனக்கு எங்கே போக வேண்டும் என்று தெரிந்துவிட்டது. கணபதி பக்கம் ஒரு சந்தில் பேட்டர்ன் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரை அப்பாவுக்குப் பல வருடமாகத் தெரியும். பம்பு பாடி, மோட்டார் உறை, கிரைண்டர் சாமான் என்று ஊரில் வார்க்கிற எல்லாவற்றுக்கும் முதலில் மரத்தில் உருவம் செய்து தருகிறவர். என் வரைபடத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதென்னுங்க தம்பி, எட்டு ஓட்டை? மரத்துல வெச்சுப் பாக்கறதுக்கா, வாக்கறதுக்கா?"

"பார்க்கத்தானுங்க. ஆனா வார்க்கிற மாதிரியே வேணும்."

"அப்பிடின்னா இரும்பா, அலுமினியமா? அத மொதல்ல சொல்லுங்க."

அலுமினியம் என்றேன். எழுந்து போய் ஆணியில் தொங்கிய இரண்டு ஸ்கேல்களில் ஒன்றை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். சாதாரண எஃகு ஸ்கேல் மாதிரிதான் இருந்தது. என் பையிலிருந்த ஸ்கேலைப் பக்கத்தில் வைக்கச் சொன்னார். ஒரு முனையைச் சேர்த்துப் பிடித்தால் மறுமுனையில் கோடுகள் சேரவில்லை. அவருடைய 300 என் 300-ஐத் தாண்டி நின்றது. உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கும், அதற்காக மர உருவத்தைப் பெரிதாகச் செய்ய வேண்டும். ஒவ்வொரு அளவையும் கூட்டிக்கொண்டிருக்காமல் ஸ்கேலையே நீட்டி அடித்து வைத்திருக்கிறார்கள். வார்ப்பிரும்புக்கு மீட்டருக்கு 10 மி.மீ. வாக்கில், அலுமினியத்துக்கு 13. நான்கு சிலிண்டர் பிளாக்கில் இந்த வித்தியாசம் சமாளிக்கக்கூடியது. எட்டுச் சிலிண்டர் நீளத்துக்குப் போனால், முதல் சிலிண்டரில் ஹெட் துளையோடு சரியாக உட்காருகிற ஸ்டட், எட்டாவது சிலிண்டருக்குப் போவதற்குள் நழுவியிருக்கும். ஃபியட்டின் ஹெட் ஏற்கெனவே துளை போட்டு வந்த சாமான், அது நமக்காக வளையாது. பிளாக்தான் அதற்கு ஒத்துப்போக வேண்டும்.

எத்தனை நாளில் செய்தார்கள் என்று கேட்டார். 126 நாளில் காரே ரேஸுக்கு நின்றது என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"தண்ணி போற கோர் பாக்ஸுக்கே ஒரு மாசம் வேணுமுங்க. வாத்து, பாத்து, ஒண்ணு ரெண்டு தள்ளுபடி ஆகி... அப்பறம் மிஷினிங். நல்ல ஆளுங்க இருந்திருக்கறாங்க அந்த ஊர்ல."

கோர் பாக்ஸ் என்றால் பிளாக்குக்குள் தண்ணீர் ஓடும் வழியை உண்டாக்கும் மணல் உருவத்துக்கான அச்சு. அவர் அப்படிச் சொன்னதை நான் இந்தப் பதிவில் எழுதியே ஆக வேண்டும் என்று நினைத்தேன். 815 பற்றிய பேச்சில் என்சோவின் பெயர் வரும், அஸ்காரியின் பெயர் வரும். பொலோன்யாவில் மணலை இடித்து அந்த நீளமான பிளாக்கை வார்த்த கைகளைப் பற்றி வராது. இரண்டு காருக்கான பிளாக், போர் நெருங்கிக்கொண்டிருந்த குளிர்காலத்தில்.

என் பிளாக்குக்குச் சுருக்கு அளவு தேவையில்லை. பிளைவுட்டை அடுக்கி ஒட்டி, சாதாரண ஸ்கேலிலேயே செய்தார். எட்டு துளையையும் 63-க்குக் கடைந்து கொடுத்தார். மூன்று வாரம் ஆயிற்று. ஹெட்டை எடுத்துப்போய் அங்கேயே உட்கார வைத்துப் பார்த்தோம். முன் ஹெட் சரியாக உட்கார்ந்தது. பின் ஹெட் உட்காரவில்லை. முன் ஹெட்டின் பின்முகத்தில் இருந்த ஒரு சின்ன வார்ப்புப் புடைப்பை நான் வரைபடத்தில் விட்டுவிட்டேன். நான்காவது சிலிண்டருக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே நான் விட்டிருந்த இடைவெளி அந்தப் புடைப்பு அளவுக்குக் குறைவு. துளையெல்லாம் போட்டு முடிந்த பிளாக்கைப் பாதியில் அறுத்து, நடுவே ஒரு பட்டை மரம் வைத்து ஒட்ட வேண்டியதாயிற்று. இரண்டு வாரம் போயிற்று, ஆனால் ஒன்று தெளிவாயிற்று: 815-இல் நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் இருக்கிற அந்த இடம்தான் இரண்டு ஃபியட்டின் தையல். எட்டு சிலிண்டரை முதலிலிருந்து வரைகிறவன் அங்கே ஹெட்டை வெட்ட மாட்டான்.

அந்தத் தையலுக்குக் கீழே கிராங்க். ஃபியட்டின் நான்கு சிலிண்டர் கிராங்கைத் தாங்குவது மூன்று மெயின் பேரிங். முன்னால் ஒன்று, நடுவில் ஒன்று, பின்னால் ஒன்று. 815-இன் கிராங்குக்கு ஐந்து. இதைப் படித்தபோது வெறும் எண்ணாகத்தான் தெரிந்தது. மரப் பிளாக்கைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பேரிங் சுவர்களை வரைந்தபோது, மூன்றையும் மூன்றையும் சேர்த்து, தையலில் சந்திக்கிற இரண்டையும் ஒன்றாக்கினால் ஐந்து வந்தது. இரண்டு சிலிண்டருக்கு ஒரு பேரிங் இடைவெளி என்ற ஃபியட்டின் கணக்கு அப்படியே நீண்டிருக்கிறது. கிராங்க் புதிது, ஆனால் அதன் எலும்பு வரிசை பழசு.

கிராங்கை பிளைவுட் வட்டுகளும் மர உருளைகளும் வைத்து நானே செய்தேன். முதல் முறை இரண்டு நான்கு சிலிண்டர் கிராங்கை அப்படியே நீட்டி ஒட்டிவிட்டேன். ஃபெவிகால் காய்ந்து, குச்சிப் பிஸ்டன்களை மாட்டிச் சுற்றினால் 1, 4, 5, 8 நான்கும் ஒன்றாக ஏறுகின்றன, 2, 3, 6, 7 ஒன்றாக இறங்குகின்றன. இது எட்டு சிலிண்டர் இல்லை, இரட்டிப்பான நான்கு சிலிண்டர். வெடிப்பு 180 டிகிரிக்கு ஒருமுறை, இரண்டு இரண்டாக. எட்டு சிலிண்டரின் பலனே 90 டிகிரிக்கு ஒரு வெடிப்பு என்பதுதான். நடுவில் அறுத்து, பின் பாதியை 90 டிகிரி திருப்பி ஒட்டினேன். இப்போது வரிசை 1-5-3-7-4-8-2-6 என்று வந்தது. பத்மினி ஓட்டுகிறவர்களுக்குத் தெரிந்த 1-3-4-2 அதற்குள் ஒன்றுவிட்டு ஒன்றாக ஒளிந்திருப்பதைப் பாருங்கள்.

இதுவும் போதாது. இப்படித் திருப்பினால் முன் பாதியின் நடுக்கம் பின் பாதியின் நடுக்கத்துக்கு எதிராக வருகிறது. மொத்தமாகக் கூட்டினால் சுழி, ஆனால் முன்னால் தூக்கும்போது பின்னால் அமுக்கும். நீள இன்ஜின் தராசு மாதிரி ஆடப் பார்க்கும். அதனால் பல எட்டுச் சிலிண்டர்களில் நடு நான்கை ஒரு தளத்திலும், ஓரத்தில் இரண்டிரண்டாக இருக்கும் நான்கை இன்னொரு தளத்திலும் வைப்பார்கள். மூன்றாவது கிராங்கை அப்படிச் செய்தேன். அப்படிச் செய்துவிட்டால் ஃபியட் ஹெட்டுக்குக் கீழே இருப்பது ஃபியட்டின் வரிசையே இல்லை. எந்த வால்வு எப்போது திறக்க வேண்டும் என்பது அடியோடு மாறிவிடுகிறது. கேம்ஷாஃப்ட்டை மொதேனாவிலேயே செய்துகொண்டார்கள் என்ற வரிக்குப் பின்னால் எவ்வளவு வேலை இருக்கிறது என்று மூன்று மரக் கிராங்கை அறுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

இனி வேகம். சாதாரண 508சி-க்கு நிமிடத்துக்கு 4000 சுற்றில் 32 குதிரைத்திறன். 815-க்கு நான்கு வெபர் கார்புரேட்டர் வைத்து 5500 சுற்றில் 75. எண்ணைப் பார்த்ததும் நான் கவலைப்பட்டது கனெக்டிங் ராடுக்காக. குடும்பக் கார் ராட் 5500 தாங்குமா? கணக்குப் போட்டுப் பார்த்தேன். 75 மி.மீ. ஸ்ட்ரோக்கில் 4000 சுற்று என்றால் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 10 மீட்டர். அதே ஸ்ட்ரோக்கில் 5500-க்குப் போனால் 13.75. ஸ்ட்ரோக்கை 60-க்குக் குறைத்துவிட்டால் 5500-இலும் 11 மீட்டர்தான். ஒரே ஒரு மீட்டர் கூடுதல். இழுவிசை கூடத்தான் செய்யும், ஆனால் பிஸ்டனும் சிறியது, லேசானது. ஸ்ட்ரோக்கைக் குறைத்தது கீழ்ப்பாதிக்கு ஒரு குடை பிடித்த மாதிரி.

மேல்பாதிக்கு அந்தக் குடை இல்லை. ராக்கருக்கு ஸ்ட்ரோக் எவ்வளவு என்று தெரியாது, சுற்று மட்டும்தான் தெரியும். வால்வைத் திறந்து மூடும் வேலையில் வரும் இழுவிசை சுற்றின் வர்க்கத்தில் ஏறும். 4000-இலிருந்து 5500-க்குப் போனால் ஏறக்குறைய 1.9 மடங்கு. உக்கடம் ஹெட்டின் ராக்கர் ஷாஃப்ட்டைப் பிரித்து ஒரு ராக்கரைக் கையில் வைத்துப் பார்த்தேன். உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்ன சாமான். ஒரு முனையில் டேப்பட் ஸ்க்ரூ, மறுமுனையில் வால்வைத் தட்டுகிற வளைவு. அந்த வளைவு பளபளவென்று தேய்ந்து நகம் படுகிற அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்திருந்தது. கடைத்தெருவுக்கும் ஆபீசுக்கும் போய்வந்த வண்டியிலேயே இவ்வளவு தேய்மானம்.

1940 ஏப்ரல் 28. 1938-இல் மில்லே மில்யாவில் பார்வையாளர்கள் இறந்த விபத்துக்குப் பிறகு பழைய பாதை தடைப்பட்டிருந்தது. அதனால் பிரெஷா, கிரெமோனா, மாந்தோவா என்று சுற்றி வரும் 165 கிலோமீட்டர் வாக்கிலான பாதையில் ஒன்பது சுற்று. அஸ்காரியும் மினோட்சியும் ஒரு 815-இல், ரங்கோனியும் நார்தியும் இன்னொன்றில். பின்னாளில் ஸ்டியரிங் வீல்களுக்குப் பேர் வாங்கிய அதே என்ரிகோ நார்திதான். தொடக்கத்தில் அஸ்காரிதான் வகுப்பில் முன்னால் போனான். சீக்கிரமே வால்வு அமைப்பில் கோளாறு வந்து வண்டி நின்றது. ரங்கோனியின் கார் அதன்பின் முன்னிலை எடுத்து, வகுப்பில் அரை மணி நேரத்துக்கும் மேல் இடைவெளி வைத்து ஓடியது. சில சுற்றுகளே மீதியிருக்கும்போது அதுவும் நின்றது. மொத்த ரேஸில் ஜெயித்தது ஒரு பிஎம்டபிள்யூ 328.

அஸ்காரியின் கார் வால்வில் நின்றது என்பது ஊரறிந்த செய்தி. ஆனால் 1.9 மடங்கு என்று நோட்டில் எழுதியிருந்த பக்கத்தைத் திறந்துவைத்து, அந்த ராக்கரைக் கையில் வைத்துக்கொண்டு அதை மறுபடி நினைத்தபோது எனக்கு மனசு கனத்தது. பிளாக் புதிது, கிராங்க் புதிது, கேம் புதிது. 126 நாளில் புதிதாகச் செய்ய நேரமில்லாமல் ஃபியட்டை அப்படியே நம்பிய இடம் வால்வு அமைப்பு. இது என் ஊகம்தான். ஆனால் இன்னொரு இரண்டு மாதம் கிடைத்திருந்தால் மாசிமீனோ முதலில் கைவைத்திருக்கக்கூடிய இடம் அது என்று அந்த மேசையில் உட்கார்ந்து எனக்குத் தோன்றியது.

இரண்டு மாதம் கிடைக்கவில்லை. ஆறு வாரத்தில், ஜூன் 10-ஆம் தேதி இத்தாலி போரில் இறங்கியது. ரங்கோனி போரில் இறந்துபோனார். அவருடைய கார் தம்பிக்குப் போய், பிறகு பழைய இரும்புக் கடைக்குப் போய் அழிந்தது. உக்கடத்தில் அன்று டீசல் பம்புகளுக்கு அடியில் குனிந்து தேடியபோது எனக்கு அந்த நினைப்பு வந்தது. மிஞ்சியது அஸ்காரியின் கார், சேஸிஸ் எண் 020. என்ரிகோ பெல்த்ராக்கினி 1947-இல் அதை மறுபடி ரேஸில் ஓட்டினார். பிறகு மொதேனாவுக்குப் பக்கத்தில் பன்சானோ கோட்டையில் உள்ள மாரியோ ரிகினியின் சேகரிப்புக்குப் போய்ச் சேர்ந்தது. அஸ்காரி 1952-லும் 1953-லும் உலகச் சாம்பியன் ஆனான், இரண்டு முறையும் ஃபெராரியில். அந்தப் பெயரைத் தாங்கிய முதல் கார் 125 எஸ் 1947-இல் வந்தது. பன்னிரண்டு சிலிண்டர், 55 மி.மீ. போர், 52.5 மி.மீ. ஸ்ட்ரோக். பெருக்கிப் பார்த்தேன். மறுபடியும் அதே ஒன்றரை லிட்டர். ஆனால் அதில் ஃபியட்டின் நடுப்புள்ளி ஒன்றுகூட இல்லை.

ஆடி மாதம் அப்பா நினைவுபடுத்தினார். முன் ஹெட்டைப் பிளைவுட் பிளாக்கிலிருந்து கழற்றி, முகம் சமமாக இருக்கிறதா என்று பார்த்து, லேசாகச் சீவி (ஸ்கிம் செய்து) வாங்கினேன். புது கேஸ்கட் வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு மூன்று சுற்றாக நட்டுகளை இறுக்கினேன். புஷ்ராட்களைத் துடைத்து அதனதன் இடத்தில் இறக்கி, டேப்பட் இடைவெளியை ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்தேன். எட்டு ராக்கரில் இரண்டில் அதே மாதிரி பள்ளம் இருந்தது, மாற்றிவிட்டேன். ஸ்டார்ட்டரை மூன்றாவது முறை சுற்றவிட்டதும் வண்டி பிடித்தது. அப்பா பானட்டுக்குப் பக்கத்தில் காதைச் சாய்த்து நின்று, "டேப்பட் சத்தம் கம்மியாத்தான் இருக்குது" என்றார்.

மரப் பிளாக் இன்னும் பட்டறை மேசையில்தான் இருக்கிறது. ஐந்திலிருந்து எட்டு வரை உக்கடம் ஹெட் மூடியிருக்கிறது. ஒன்றிலிருந்து நான்கு வரை திறந்து கிடக்கிறது, தூசி விழாமல் ஒரு பழைய வேட்டியைப் போர்த்தியிருக்கிறேன். அடுத்த ஹெட் கிடைத்ததும் கேம்ஷாஃப்ட்டை மரத்தில் கடைய வேண்டும், வால்வைத் தள்ளும் மேடுகளான பதினாறு லோபும்.